சுவரை இடித்தேன், இப்போது கதவுக்கு அளவெடுக்கிறேன்

ஐந்து வருடங்களுக்கு முன் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த சுவரை இடித்தோம். அப்போது யாரைக் கேட்டாலும் திறந்த சமையலறைதான். இடித்த அன்று அடுப்பு மேடை வரை வெயில் வந்து விழுந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த மகிழ்ச்சி ஒரு மாதம் இருந்தது.

மிக்சியைப் போட்டால், கூடத்தில் தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பவர் படுக்கையறைக்கு ஓடுகிறார். எதையாவது வறுத்தால் சோபா உறையில் இரண்டு நாள் வாடை. சிம்னி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. வெளியே புகை தள்ளும் குழாய் இல்லாமல், கரி வடிகட்டி வழியாகக் காற்றைத் திரும்ப உள்ளேயே விடும் வகையைத் தலையில் கட்டிவிட்டார்கள். எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கிறது. ஈரமும் சூடும் எங்களோடுதான் குடியிருக்கின்றன. போன வாரம் கண்ணாடித் தள்ளுகதவுக்கு அளவெடுத்தாயிற்று.

இதில் வேடிக்கை என்னவென்றால், இன்றைய மாடுலர் சமையலறைக்குப் பாட்டி என்று சொல்லத்தக்கது, 1926இல் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த பிராங்க்பர்ட் சமையலறை. ஏறக்குறைய 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், அவ்வளவுதான். அதிலும் பக்கத்து அறைக்குப் போகத் தள்ளுகதவு இருந்தது!

* * *

சுவரை இடித்த தோழி, உங்கள் கதவை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். என் வழக்கு சமையல் மேடையோடு. 90 சென்டிமீட்டர்தான் வழக்கமான உயரம் என்று போட்டுக்கொடுத்தார்கள். நான் குள்ளம். நறுக்கும்போது தோள் காதைத் தொடும். முழங்கையை மடக்கி நின்று, அதற்குப் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் கீழே மேடை வர வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது ஒரு மரப்பலகையின் மேல் ஏறி நின்று சமைக்கிறேன், மேடைப் பேச்சாளர் மாதிரி.

ஆனால் ஒரு மாற்றத்தை மட்டும் குறை சொல்ல மாட்டேன்: மேடைக்கு அடியில் அலமாரிக்குப் பதில் இழுப்பறைகள். முன்பெல்லாம் பின்வரிசைப் பாத்திரத்தை எடுக்க மண்டியிட்டுத் தலையை உள்ளே விட வேண்டும். இப்போது இழுத்தால் கடைசிக் கரண்டி வரை கண்ணுக்கு முன் வந்து நிற்கிறது. வேறு எதிலாவது செலவைக் குறைத்தாலும் இதில் குறைக்காதீர்கள்.

* * *

என் பங்குக்கு, வெள்ளை குவார்ட்ஸ் மேடை போடப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எளிதில் கறை படியாது என்றார்கள், உண்மைதான். ஆனால் அது அப்படியே வெட்டியெடுத்த கல் அல்ல. கல்தூளைப் பிசினோடு சேர்த்து இறுக்கியது. பிசினுக்குக் கடும் சூடு ஆகாது. இதை யாரும் சொல்லவில்லை. அடுப்பிலிருந்து இறக்கிய கனமான வாணலியை அவசரத்தில் நேராக வைத்துவிட்டேன். உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் வட்டம். எதைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

அதன்மேல் ஒரு பிரம்புக் கூடையை வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் கூடை எங்கே வாங்கியது என்றுதான் கேட்கிறார்கள்.