கணக்கு வேலையிலிருந்து புரோகிராமிங்குக்கு: வழி சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. படித்தது வணிகவியல், எட்டு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். ஆறு மாதமாக இரவில் பைதான் படிக்கிறேன். ஹார்வர்டின் இலவச கணினி அறிவியல் அறிமுக வகுப்பான சிஎஸ்50-இல் பாதி தாண்டியாயிற்று.

ஒருநாள் பைதானில் 0.1 + 0.2 போட்டால் 0.30000000000000004 என்று வந்தது. சல்லிக்காசு உதைத்தாலே எனக்குத் தூக்கம் வராது! கணினி பயன்படுத்தும் இரும எண்ணில் (0, 1 மட்டும் கொண்டது) 0.1 துல்லியமாக அடங்காது என்று புரிந்தபின், பத்தடிமான எண்ணாகவே கணக்கிடும் பைதானின் டெசிமலுக்கு மாறினேன். அப்புறம், பேரேட்டையும் வங்கி அறிக்கையையும் ஒப்பிட்டு, ஒத்துப்போகாத வரிகளைக் காட்டும் சின்ன நிரல் எழுதி, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் போட்டேன்.

கணினி அறிவியல் பட்டம் இல்லாத என்னைப் போன்ற ஒருவரை நேர்காணலுக்கு அழைக்க இந்த மாதிரி நிரல் போதுமா? இல்லை, டேட்டா ஸ்ட்ரக்சர் (தரவை அடுக்கும் முறைகள்), அல்காரிதம் (கணக்கைத் தீர்க்கும் படிமுறைகள்) இரண்டையும் படித்து முடித்துவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டுமா? இப்படி மாறியவர்கள் முதல் வேலையை எப்படிப் பிடித்தீர்கள் என்று சொல்லுங்கள். ‘முயன்றால் முடியும்’ மட்டும் வேண்டாம், அதை வீட்டிலேயே நிறையச் சொல்லிவிட்டார்கள்.