தக்காளி நாற்று நூலாக நீள்கிறதே?

கேள்வி: முதல் மாடித்தோட்டம். சமையலறை ஜன்னலோரம் குழித்தட்டில் தென்னை நார்க்கழிவு நிரப்பித் தக்காளியும் மிளகாயும் விதைத்தேன். தக்காளி ஆறாம் நாளே முளைத்து, இப்போது விரல் நீளத்துக்கு நூல் மாதிரி சாய்ந்து கிடக்கிறது. மிளகாயில் 8 நாளாகியும் சத்தமே இல்லை. விதை பழுதா?

பதில் 1: விதைமேல் பழி போடாதீர்கள், வெளிச்சம்தான் போதவில்லை. முளை தலைகாட்டியதுமே தட்டை மாடிக்கு ஏற்றியிருக்க வேண்டும், முதலில் காலை வெயில் மட்டும். நீண்டதை வித்திலைக்கு (முளைத்ததும் முதலில் விரியும் ஜோடி இலை) கீழ்வரை புதைத்து நடுங்கள். தக்காளித் தண்டு வேர் விடும்.

பதில் 2: மிளகாய் 10, 12 நாள்கூட எடுக்கும். கிளறிப் பார்க்காதீர்கள். நான் அப்படிக் கெடுத்தவள்.

கேட்டவர்: ஐயோ, நேற்றுதான் இரண்டு குழியைக் கிளறினேன்!

பதில் 2: சரி, மிச்சத்தையாவது விட்டுவையுங்கள். தண்ணீரைத் தெளித்தால் போதும். சொதசொதவென்று இருந்தால் தண்டு அடியில் அழுகிவிடும்.