1688: ஆங்கிலக் கடற்படை வில்லியமை ஏன் தடுக்கவில்லை?

கலங்கரை:
டச்சுத் தலைவர் ஆரஞ்சு வில்லியம் நானூறுக்கும் மேற்பட்ட கப்பல்களோடு வந்து இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையான டார்பேயில் இறங்கும்வரை, ஆங்கிலக் கடற்படைத் தளபதி டார்ட்மவுத் பிரபுவின் படை மோதவே இல்லை. காற்றுதான் காரணமா, கத்தோலிக்க அரசர் இரண்டாம் ஜேம்ஸை மாலுமிகள் கைவிட்டார்களா? இறங்கிய தேதியும் சில இடத்தில் நவம்பர் 5, சில இடத்தில் 15 என்று இருக்கிறதே?

பாய்மரம்:
தேதி இரண்டும் ஒரே நாள்தான். இங்கிலாந்தில் ஜூலியன் நாட்காட்டி, ஹாலந்தில் கிரெகோரியன். 10 நாள் வித்தியாசம். இரு நாட்டுக் கடிதங்களையும் கலந்து படிப்பவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். கீழே எல்லாம் ஆங்கிலக் கணக்கு.

காற்றின் பங்கு பெரிது. டார்ட்மவுத் நங்கூரமிட்ட கன்ஃபிளீட், எஸெக்ஸ் கரையோர மணல்திட்டுகளுக்கு நடுவே இருக்கிறது. கிழக்குக் காற்று பலமாக அடித்தால் பாய்மரக் கப்பல் அங்கிருந்து வெளியேறுவது கடினம். அதே காற்று வில்லியமை ஆங்கிலக் கால்வாய் (இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடைப்பட்ட கடல்) வழியே மேற்கே தள்ளிவிட்டது. நவம்பர் 3 அன்று எதிரியின் பாய்கள் கண்ணுக்குத் தெரிந்தும் டார்ட்மவுத் நகர முடியவில்லை. பின்தொடர்ந்து தென்கரையில் உள்ள பீச்சி ஹெட் முனைப் பக்கம் வந்தபோது, மோத வேண்டாம் என்று கேப்டன்கள் கூட்டம் முடிவெடுத்தது.

நங்கூரம்:
அந்தக் கூட்டத்தைக் காற்றின் கணக்கில் எழுத முடியாது. டச்சுக் கரையருகே போய்க் காவல் நிற்கும் யோசனையும் அதற்கு முன்பே கேப்டன்கள் கூட்டத்தில்தான் அடிபட்டுப்போனது. கன்ஃபிளீட்டில் மாட்டிக்கொண்டதே அதன் விளைவு. ஜார்ஜ் பிங், மேத்யூ எய்ல்மர் போன்ற கடற்படை அதிகாரிகள் உள்ளிருந்தே வில்லியம் பக்கம் வேலை செய்தார்கள்.

விரிசல் அதற்கும் முன்னாலேயே விழுந்தது. கத்தோலிக்கர்களை அரசுப் பதவிகளிலிருந்து விலக்கிய டெஸ்ட் சட்டத்தை நீக்க ஆதரவு தர மறுத்த அட்மிரல் ஆர்தர் ஹெர்பர்ட்டை 1687-இல் ஜேம்ஸ் பதவி நீக்கினார். அந்த இடத்துக்கு வந்த கத்தோலிக்கரான ரோஜர் ஸ்ட்ரிக்லாண்ட், 1688 கோடையில் தன் கப்பலில் திருப்பலி (கத்தோலிக்க வழிபாடு) நடத்தவைத்தார். மாலுமிகள் கொதித்தெழ, அரசரே நேரில் வந்து சமாதானம் பேசவேண்டியதாயிற்று. பிறகுதான் புரொட்டஸ்டண்டான டார்ட்மவுத் தலைமைக்கு வந்தார். ஹெர்பர்ட்டோ சாதாரண மாலுமி வேடத்தில் படையோடு வரும்படி வில்லியமுக்கு எழுதப்பட்ட அழைப்புக் கடிதத்தை ஹாலந்துக்குக் கொண்டுபோனவர். டச்சு அட்மிரல்கள் இருக்கும்போதே வில்லியமின் கப்பல் படைத் தலைமை அவருக்குத் தரப்பட்டது. தம் ஆளைப் பார்த்து ஆங்கிலேயர் சுடமாட்டார்கள் என்ற கணக்கு.

கலங்கரை:
அப்படியானால் இது மதப்போர் என்று சொல்லலாமா?

நங்கூரம்:
மாலுமிகள் மட்டத்தில் ஓரளவு. ராஜதந்திரத்தில் இல்லை. புனித ரோமப் பேரரசின் கத்தோலிக்கப் பேரரசர் லியோபோல்டுக்கு இது மதப்போர் அல்ல என்று வில்லியம் உறுதி கொடுத்தார். பிரான்சு அரசர் பதினான்காம் லூயியை எதிர்க்க லியோபோல்டின் துணை தேவைப்பட்டது. டார்ட்மவுத்தும் கட்சி மாறியவர் அல்ல. டிசம்பரில், கைக்குழந்தையான இளவரசரைப் பிரான்சுக்கு அனுப்பச் சொன்ன ஜேம்ஸின் உத்தரவைத்தான் அவர் மறுத்தார்.