எஃப்பிஎல் டீமுக்குக் கையால் வரைந்த படங்கள்: யாராவது இன்னும் வைத்திருக்கிறீர்களா?

குளச்சல்_கப்பித்தான்:

பழைய எஃப்பிஎல் ஆட்களிடம் ஒரு கேள்வி. (தெரியாதவர்களுக்கு: எஃப்பிஎல் என்றால் ஃபேன்டஸி பிரீமியர் லீக். இங்கிலாந்து பிரீமியர் லீக் கால்பந்து ஆட்டக்காரர்களை வைத்து இணையத்தில் டீம் கட்டுவோம், அவர்கள் நிஜத்தில் ஆடுவதற்கேற்ப நமக்குப் புள்ளி.) டீமுக்கென்று சின்னம், போஸ்டர் எல்லாம் கையாலேயே வரைந்தவர்கள் இங்கே உண்டா? அதெல்லாம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது? என்னிடம் ஒரு கட்டு கிடக்கிறது, சார்ட் பேப்பரில் போஸ்டர் கலர். அதைப் பத்திரப்படுத்த வழி தெரிய வேண்டும். ஆனால் முதலில் கதையைக் கேளுங்கள், இல்லாவிட்டால் படம் புரியாது.

2011-ல் எங்கள் தெருப் பையன்கள் சேர்ந்து மினி லீக் தொடங்கினோம். பணம் காசு கிடையாது. மே மாதம் கடைசி இடத்தில் நிற்பவன் எல்லாருக்கும் புரோட்டா வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான். 15 ஆட்டக்காரர்கள், அவர்களை வாங்கக் கற்பனைப் பணம் 100 மில்லியன் பவுண்டு, ஒரு கிளப்பிலிருந்து மூன்று பேருக்கு மேல் கூடாது, கேப்டனுக்கு இரட்டைப் புள்ளி. அந்த சீசனில் வாராவாரம் கண்ணை மூடிக்கொண்டு வான் பெர்சியைத்தான் கேப்டனாகப் போட்டேன். ஆர்சனலுக்காக லீக்கில் 30 கோல் அடித்தார் மனுஷன்.

டீம் பெயர் ‘வலிய கப்பித்தான்’. குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: 1741-ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக் கம்பெனியைத் தோற்கடித்தது. அப்போது பிடிபட்ட டி லனாய் பிறகு திருவிதாங்கூர் படைக்கே தலைவரானார், வலிய கப்பித்தான் என்ற பெயரும் வந்தது. வான் பெர்சியும் டச்சுக்காரர்தான். டச்சுக்காரனைப் பிடித்து நம்ம கேப்டனாக்குவது குளச்சலுக்குப் புதுசா என்ன? அதுவும் போக, உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்ப்படம் நடத்தியவர் அவர். ஆர்சனல் சின்னத்திலும் பீரங்கிதான். இப்படிப் பத்துப் பொருத்தம் ஜாதகத்தில்கூட அமையாது.

அதனால் வரைந்தேன். உடம்பு டி லனாய், தலை வான் பெர்சி. மூன்று முனைத் தொப்பி, நீளக் கோட்டு, நெஞ்சில் திருவிதாங்கூர் சங்கு, பின்னால் பீரங்கி. முகம் வான் பெர்சி மாதிரியே இல்லை, பஸ் ஸ்டாண்டு பக்கம் சாயா அடிக்கிற அண்ணாச்சி மாதிரி இருக்கிறது என்று லீக்கில் அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். பொறாமை.

2012 ஆகஸ்டில் ஆள் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குத் தாவிவிட்டார். கேப்டனை மாற்ற மனசு வரவில்லை, படத்தை மாற்றினேன். பீரங்கி மேல் சிவப்பைக் குழைத்து அடித்தேன். இப்போதும் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் சிவப்புக்கு அடியில் சக்கரத்தின் ஆரக்கால்கள் புடைத்துத் தெரியும். யுனைடெட் சின்னத்தில் சூலம் பிடித்த சிவப்புப் பேய் உண்டல்லவா? அதையும் போடலாம் என்று பார்த்தால் அம்மா விடவில்லை. “மாதா படத்துக்குக் கீழ பேயக் கொண்டு ஒட்டப் போறியாலே?” சரி என்று பேயை விட்டுவிட்டு சூலத்தை மட்டும் வரைந்தேன். அதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைக்கு நோட்டீஸா என்று கேட்டார்.

இதையெல்லாம் ஏன் தூக்கிப் பிடிக்கிறேன் என்றால், எஃப்பிஎல் தளத்தில் பழைய சீசனுக்கு மொத்தப் புள்ளியும் ரேங்கும் மட்டும்தான் நிற்கும். எந்த வாரம் யாரை வைத்திருந்தோம், யாரை விற்றுவிட்டு வயிற்றெரிச்சல் பட்டோம் என்ற விவரம் ஒன்றும் இருக்காது. எங்கள் லீக்குக்கு இருக்கிற ஒரே சரித்திரம் இந்தச் சார்ட்டுகள்தான்.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். 2017-ல் ஓகிப் புயலில் வீட்டு ஓடு பறந்தபோது கட்டு நனைந்துவிட்டது. சிவப்பு ஒழுகி, சங்கு ரோஸ் ஆகிவிட்டது. தொப்பிப் பக்கம் கலர் செதில் செதிலாக உதிர்கிறது. லேமினேஷன் போட்டால் ஒன்றும் ஆகாது என்கிறான் தம்பி. போடலாமா?

கடியபட்டணம்_தங்கச்சி:

அண்ணே, லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூடும் அழுத்தமும் சேர்ந்து உதிர்கிற கலரை பிளாஸ்டிக்கோடு ஒட்டிவிடும், பிறகு பிரிக்க முடியாது. ஈரத்துணியும் ஆகாது, போஸ்டர் கலர் காய்ந்த பிறகும் தண்ணீரில் கரையும். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டாதீர்கள், பசை மஞ்சளாகிக் கறை விடும். சுருட்டி வைத்திருந்தால் ஒரேயடியாக விரிக்காமல் மெதுவாக விரித்து, படுக்கை வசத்தில் வையுங்கள். ஒவ்வொரு சார்ட்டுக்கும் நடுவில் பட்டர் பேப்பர், டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம். நம்ம கடல்காற்றுக்கு அந்தப் பொட்டலத்தை அடிக்கடி மாற்ற வேண்டிவரும். ஸ்கெட்ச் பேனாவில் வரைந்தது இருந்தால் வெயில் படுகிற சுவரில் மாட்டாதீர்கள், வெளிறிப் போகும்.

ஸ்கேனர் கண்ணாடியில் அழுத்தாமல் திண்ணை நிழலில் வைத்து ஃபிளாஷ் இல்லாமல் ஃபோனில் எடுங்கள். நேராக ஒன்று, பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒன்று. இரண்டாவதில் அந்தப் பீரங்கிச் சக்கரம் நன்றாக விழும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். டீம் அண்ணனுடையது, வரைந்ததெல்லாம் நான். 2013-ல் லிவர்பூல் ஆட்டக்காரர் சுவாரஸ் எதிரணி ஆளைக் கடித்துத் தடை வாங்கியிருந்ததால் சீசன் தொடக்கத்தில் ஆடவில்லை. அவர் திரும்பி வரும்வரை டீம் சின்னமாக வெறும் பல்செட் ஒன்று வரைந்து கொடுத்தேன். வந்து 31 கோல் போட்டார். அண்ணன் லீக்கில் ஜெயித்து, பல்செட் தன் ஐடியா என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அந்தப் படம் என் அலமாரியில்தான் இருக்கிறது, கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.

தூத்தூர்_லெஃப்ட்_விங்:

மக்கா, கொள்ளாம்! நாங்கள் ஐஎஸ்எல்லுக்கு (நம்ம நாட்டு இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து) நோட்டில் புள்ளி எழுதி சொந்தமாக ஒரு லீக் நடத்தினோம். எங்கள் பக்கத்து ஆள் சூசைராஜ் ஜாம்ஷெட்பூருக்கும் அப்புறம் கொல்கத்தா கிளப்பான ஏடிகேவுக்கும் ஆடிய சமயம். அவரை எடுக்காதவன் ஊருக்குள் நடமாட முடியாது, ஆகவே எல்லார் டீமிலும் அவர் இருந்தார். பிறகென்ன போட்டி?

படம் வரையச் சோம்பேறித்தனம், பழைய ஃப்ளெக்ஸின் வெள்ளைப் பக்கத்தில் வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய எனாமலை வைத்துத் தீட்டினோம். மழைக்கும் அசையவில்லை. இப்போது வலை மூடக் கிடக்கிறது, சூசைராஜின் இடது கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

தக்கலை_வாத்தியார்:

தம்பி, ரசித்துப் படித்தேன். ஒரு சின்னத் திருத்தம். டி லனாய் வேலை பார்த்தது டச்சுக் கம்பெனியில், பிறப்பால் அவர் பிளெமிஷ்காரர், அதாவது இன்றைய பெல்ஜியம் பக்கத்து ஃபிளாண்டர்ஸ் ஆள். 1777-ல் இறந்தார். கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது, கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து உண்டு. ஒரு நாள் அந்தச் சார்ட்டைக் கொண்டுபோய் அங்கே வைத்து ஒரு ஃபோட்டோ எடுங்கள்.

குளச்சல்_கப்பித்தான்:

தங்கச்சி, லேமினேஷனைக் கைவிட்டாயிற்று, பட்டர் பேப்பர் வாங்கிவிட்டேன். அண்ணனிடம் பல்செட்டைக் கொடுத்துவிடாதே. தூத்தூர் மச்சான், அந்த ஃப்ளெக்ஸை வலையிலிருந்து எடுத்து ஒரு படம் போடும்.

வாத்தியார் சார், பிளெமிஷ் என்றால் நான் பெல்ஜியம் ஆட்டக்காரர் டி புரூய்னெயை அல்லவா வரைந்திருக்க வேண்டும்? அவர் பத்து வருஷம் மான்செஸ்டர் சிட்டியில் ஆடினார், அப்போதெல்லாம் சும்மா இருந்துவிட்டு, இத்தாலியின் நாப்போலி கிளப்புக்குப் போன பிறகு வந்து சொல்கிறீர்களே.