சொந்த லேபிள், அடுத்தவர் பார்சல்: இளம்பிள்ளைச் சேலையை நம் பெயரில் விற்கலாமா?

தாரமங்கலம்_மருமகள்:
வணக்கம். ஒன்றரை வருடமாக வாட்ஸ்அப்பில், சேலம் பக்கத்து இளம்பிள்ளையில் நெய்யும் சேலைகளை ரீசேல் செய்கிறேன். படம் வரும், என் லாபத்தைச் சேர்த்து குரூப்பில் போடுவேன். ஆர்டர் வந்தால் மொத்த வியாபாரியே வாடிக்கையாளருக்கு நேராக அனுப்பிவிடுவார். சரக்கு என் வீட்டுக்கு வருவதே இல்லை. இப்போது அவரே, "உங்கள் பெயரில் லேபிள் தைத்து, உங்கள் பெயர் போட்ட கவரில் அனுப்புகிறேன், பீஸுக்கு 25 ரூபாய் கூடுதல்" என்கிறார். கையில் இருப்பது 40,000 ரூபாய். கைக்குழந்தை இருப்பதால் வீட்டில் சரக்கு அடுக்கிப் பேக்கிங் செய்ய முடியாது. இறங்கலாமா?

ஏற்காடு_காப்பி:
வேண்டாம் தங்கச்சி. இதையே நான் செய்து பட்டவன். சில்வர் ஓக் நிழலில் கொஞ்சம் காப்பி, மரத்தில் மிளகுக்கொடி, அவ்வளவுதான் என் தோட்டம். கொட்டையைக் கீழே ஒரு வறுவல்காரரிடம் கொடுத்தேன். அவர் வறுத்து, அரைத்து, என் பெயர் போட்ட பாக்கெட்டில் அடைத்து, ஆர்டர் வர வர அவரே கூரியர் போட்டார். நாலு மாதம் நன்றாகத்தான் போனது. தீபாவளி நெருக்கடியில் வேறு யாருக்கோ கலந்து வைத்திருந்த சிக்கரித் தூளை என் பாக்கெட்டில் அடைத்துவிட்டார்கள். சிக்கரி கலப்பது குற்றமில்லை. காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எது எவ்வளவு என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டும், அவ்வளவுதான். என் பாக்கெட்டில் இருந்ததோ "சிக்கரி கலக்காதது" என்ற வரி. குடித்துப் பார்த்தவர்களுக்கு ஒரே வாயில் தெரிந்துவிட்டது. 38 பேருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வறுவல்காரர் மன்னிப்புக் கேட்டார், நல்ல மனிதர்தான். ஆனால் அவர் பெயர் யாருக்கும் தெரியாது. எல்லோரும் திட்டியது என் பெயரை.

இளம்பிள்ளை_தறி:
அண்ணா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் தூள் வேறு, சேலை வேறு. பாக்கெட்டுக்குள் இருப்பது தெரியாது. சேலையை மடிக்கும்போதே இழை அறுந்ததும் கறை பட்டதும் கண்ணில் படும். நான் எட்டு விசைத்தறி வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் கடைக்காரர்களுக்குச் சரக்கைக் கொடுத்துவிட்டு மூன்று மாதம் பணத்துக்கு நடப்போம். நூல்காரருக்கும் சாயப்பட்டறைக்கும் என்ன பதில் சொல்வது? இந்தப் பெண்கள் வந்தபிறகு ஆர்டரோடு பணமும் போனில் வந்துவிடுகிறது. இதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அஸ்தம்பட்டி_டீஷர்ட்:
நானும் தறிக்காரர் பக்கம்தான். டீஷர்ட்டில் டிசைன் அச்சிட்டு விற்கிறேன். ஆர்டர் வந்தபிறகுதான் அச்சே அடிப்பார்கள், அங்கிருந்தே வாடிக்கையாளருக்குப் போகும். ஐந்து அளவு, ஆறு நிறம், இருபது டிசைன் என்று சரக்கு வாங்கி அடுக்கினால் என்னைப் போன்றவன் முதல் மாதமே மூடிவிட வேண்டியதுதான். பெரிய பிராண்டுகள் எல்லாம் சொந்தமாக மில்லா வைத்திருக்கிறார்கள்? திருப்பூரில் தைப்பதில் பெரும்பகுதி வெளிநாட்டுக்காரர் லேபிளில்தானே போகிறது?

ஏற்காடு_காப்பி:
போகிறது தம்பி. ஆனால் கப்பல் ஏறும் முன் அந்த லேபிள்காரரின் ஆள் வந்து பெட்டியைப் பிரித்து, அளந்து, தையலை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் விடுவார். அவர்கள் தைக்கும் வேலையைத்தான் வெளியே கொடுத்தார்கள், பார்க்கும் வேலையைக் கொடுக்கவில்லை. தங்கச்சி இரண்டையும் கொடுக்கப் போகிறது. என் பயம் அதுதான்.

அம்மாபேட்டை_கணக்கு:
சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பிரிவு 2(36)-ல், உற்பத்தியாளர் யார் என்ற விளக்கம் இருக்கிறது. அடுத்தவர் செய்த பொருளில் தன் முத்திரையைப் போடுகிறவரும், போடச் சொல்கிறவரும் உற்பத்தியாளர்தான். இத்தனை நாள் நீ வெறும் விற்பனையாளர், லேபிள் தைத்த அன்றிலிருந்து சட்டத்தின் கண்ணில் நெய்தவளும் நீதான். படத்தில் காட்டியது ஒன்று, போனது ஒன்று என்றால் திரும்ப வாங்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. 2020 மின்வணிக விதிகளின்படி புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வியாபாரி போன் எடுக்கவில்லை என்பதெல்லாம் பதில் ஆகாது.

அப்புறம் ஜிஎஸ்டி. தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்றால் ஆண்டுக்கு 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. ஆனால் உன் வெப்சைட்டில் பெங்களூருக்காரர் ஒரு சேலை வாங்கினாலும் அது வெளிமாநில விற்பனை, முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். பார்சல் இளம்பிள்ளையிலிருந்து நேராகப் போனாலும் பில் இரண்டு: வியாபாரி உனக்குப் போடுவது, நீ வாடிக்கையாளருக்குப் போடுவது. பார்சலுக்குள் உன் பில்தான் இருக்க வேண்டும். அவர் பில்லை வைத்துவிட்டால் உன் கொள்முதல் விலை, அவர் போன் நம்பர் எல்லாம் வாடிக்கையாளர் கைக்குப் போய்விடும். என்னிடம் கணக்கு எழுதக் கொடுக்கும் ஒரு பெண்ணுக்கு அப்படியே நடந்தது. வாடிக்கையாளர் அடுத்த சேலையை நேராக அவரிடமே வாங்கிவிட்டார்.

பெயரையும் இப்போதே பதிவு செய்துவிடு. தனிநபருக்கு ஆன்லைனில் டிரேட்மார்க் விண்ணப்பம் ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு பொருள் வகைக்கு, 4,500 ரூபாய், கிடைத்தால் 10 ஆண்டு. விண்ணப்பம் உன் பெயரில் இருக்கட்டும். வியாபாரி செய்து தருகிறேன் என்றால் விடாதே.

தாரமங்கலம்_மருமகள்:
அக்கா, உற்பத்தியாளர் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. ரொம்ப நன்றி. தறி அண்ணா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். வியாபாரி அனுப்பும் படங்களில் "கைத்தறி", "பியூர் சில்க்" என்றெல்லாம் எழுதி வருகிறது. அதை அப்படியே போடலாமா?

இளம்பிள்ளை_தறி:
போடாதேம்மா. இதில் நான் காப்பி அண்ணன் பக்கம். 700, 800 ரூபாய்க்குப் பட்டுச்சேலை நெய்ய யாராலும் முடியாது. அது விசைத்தறியில் செயற்கை நூலில் நெய்தது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, எங்கள் ஊர் பிழைப்பதே அதில்தான். கைத்தறி என்று பொய் சொன்னால் உண்மையிலேயே கைத்தறியில் உட்கார்ந்திருப்பவர் வயிற்றில் அடிக்கிறோம். சந்தேகம் என்றால் முந்தானைக் குஞ்சத்தில் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டு. பட்டு என்றால் முடி கருகிய நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாக நிற்கும்.

இன்னொன்று. பாவு, அதாவது தறியில் நீளவாட்டில் ஏற்றும் நூல், மாறினால் நிறமும் லேசாக மாறும். பழைய படத்தை வைத்துப் புதுப் பாவுச் சேலையை விற்றால், "படத்தில் வேற கலர்" என்று திரும்பி வரும்.

ஏற்காடு_காப்பி:
நெருப்பில் காட்ட நூல் வேண்டும், நூலுக்குச் சேலை கையில் வேண்டும். தங்கச்சி கைக்குத்தான் சேலையே வரப்போவதில்லையே! இந்த முறை சரக்கு எங்கோ தூரத்தில் இருப்பவர்களுக்குச் சரி. தாரமங்கலத்திலிருந்து இளம்பிள்ளை ஒரு பஸ் தூரம். தறி பக்கத்திலேயே இருக்கும்போது பார்க்காமல் ஏன் விற்க வேண்டும்?

தாரமங்கலம்_மருமகள்:
அண்ணா, கணக்கையும் பாருங்கள். 700-க்கு வாங்கி 1,050-க்கு விற்கிறேன் என்று வையுங்கள். கூரியர் 80, லேபிள் 25. மீதி 245. அதில்தான் விளம்பரமும் பேமெண்ட் கட்டணமும். எல்லாச் சேலையும் முதலில் என் வீட்டுக்கு வந்து போனால் போக்குவரத்துக்கு இன்னொரு செலவு, இரண்டு நாள் தாமதம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தினமும் பஸ் ஏறவும் முடியாது.

அஸ்தம்பட்டி_டீஷர்ட்:
தினமும் போக வேண்டாம் சகோதரி. நான் மாதம் ஒருமுறை என் மாமா வீட்டு முகவரியில், அவர் பெயரில் என் கடையிலேயே ஒரு ஆர்டர் போடுவேன். அச்சுக்காரருக்கு அது நான் என்று தெரியாது. வந்ததை மூன்று முறை துவைத்துப் பார்ப்பேன். ஒருமுறை அச்சு வெடித்துவிட்டது, அன்றே அந்த டிசைனை நிறுத்தினேன். இன்னொன்று, ஆரம்பத்தில் கேஷ் ஆன் டெலிவரி வேண்டாம். வாங்காமல் திருப்பினால் போக, வர இரண்டு கூரியரும் உங்கள் தலையில்தான்.

ஏற்காடு_காப்பி:
மாதம் ஒன்று போதாது தம்பி. என்னிடம் தவறு நடந்தது ஒரே வாரத்தில். அதற்கு முந்தைய மாதம் சோதித்திருந்தால் எல்லாம் சரி என்றுதான் வந்திருக்கும்.

தாரமங்கலம்_மருமகள்:
எல்லோரும் சொன்னதை வீட்டில் உட்கார்ந்து பேசினோம். இருபது டிசைன் போடுவதாக இருந்தேன், நாலு போதும். நாலிலும் ஒவ்வொரு சேலை வாங்கி, துவைத்து, நூலை எரித்துப் பார்த்து, படம் நானே எடுக்கப் போகிறேன். பாவு மாறினால் எனக்குச் சொல்லிவிட்டு, புதுப் பாவிலிருந்து ஒரு பீஸ் அனுப்பிய பிறகே பார்சல் போட வேண்டும் என்று வியாபாரியிடம் எழுதி வாங்குவேன். ஒத்துக்கொள்ளாவிட்டால் லேபிள் வேண்டாம், பழையபடி ரீசேல் மட்டும். காப்பி அண்ணாவுக்கு இதுவும் போதாது என்று தெரியும்.

ஏற்காடு_காப்பி:
போதாதுதான். ஆடியிலும் தீபாவளிக்கு முந்தைய மாதத்திலுமாவது, வாரம் ஒருநாள் மாமியாரிடம் குழந்தையை விட்டுவிட்டு அவர்கள் பேக்கிங் செய்யும் இடத்தில் போய் நில்லும்மா.

இளம்பிள்ளை_தறி:
எழுதிக் கேட்கும்போது ஒவ்வொரு பாவிலும் எத்தனை சேலை என்பதையும் கேள். அது தெரிந்தால் எப்போது நிறம் மாறும் என்று நீயே கணக்குப் போட்டுவிடலாம்.