கம்பெனி லாரியில் ஓட்டுநர் தம் சொந்த டேஷ் கேமராவைப் பொருத்தலாமா?

மண்டபம்_ஓட்டுநர் (கேள்வி):

மண்டபத்திலிருந்து தூத்துக்குடிக்கு மீன் ஏற்றிச் செல்லும் ஒரு கம்பெனியின் லாரியை ஓட்டி வருகிறேன். இரவில் ஐஸ் போட்டு ஏற்றியதும் இராமநாதபுரம், கீழக்கரை, சாயல்குடி வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியுமுன் போய்ச் சேர வேண்டும். சென்ற மாதம் ஏர்வாடி விலக்கைத் தாண்டியதும், சீமைக்கருவேல மறைவிலிருந்து விளக்கில்லாமல் சாலையில் ஏறிய பைக் ஒன்று என் முன்சக்கரத்தில் சிக்காமல் மயிரிழையில் தப்பியது. அன்று கிளீனரும் உடன் இல்லை. அந்தப் பையன் விழுந்திருந்தால் என் பக்கத்து நியாயத்தைச் சொல்ல ஓர் ஆளும் இருந்திருக்க மாட்டார். கம்பெனி வண்டியில் ஜிபிஎஸ் மட்டுமே வைத்திருக்கிறது. என் காசில், சாலையைப் பதிவு செய்யும் கேமரா ஒன்றை வாங்கி முன்கண்ணாடியில் மாட்டலாம் என்று மேலாளரிடம் கேட்டதற்கு, "எதற்கு வீண் வம்பு" என்று சொல்லி முடித்துவிட்டார். கேட்காமலே மாட்டினால் தவறாகுமா? அந்தப் பதிவு வழக்கில் செல்லுமா?

பழைய_டிரிப்ஷீட்:

தம்பி, பல ஆண்டுகள் லாரி அலுவலகத்தில் இருந்தவன் என்பதால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். கேமரா உங்களுடையது என்றாலும் கண்ணாடியும் மின்சாரமும் முதலாளியுடையவை. ஆகவே கேட்காமல் மாட்டுவது சட்டப்படி குற்றமோ இல்லையோ, வேலையை இழக்க அதுவே போதுமான காரணமாகிவிடும். மேலாளரின் தயக்கத்துக்கு அவர் வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்றும் இருக்கலாம். தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேர வேலையைத்தான் பொது அளவாக வைத்திருக்கிறது. தேதியும் நேரமும் பதிந்த ஒளிப்பதிவு, நீங்கள் எத்தனை மணி நேரம் தொடர்ந்து ஓட்டினீர்கள் என்பதையும் சேர்த்தே காட்டிக் கொடுக்கும். அதை எந்த முதலாளி விரும்புவார்?

எனவே வாய்ப்பேச்சோடு விடாமல் எழுத்தில் கேளுங்கள். ஒலிப்பதிவை அணைத்து வைப்பதாகவும், மீன் பதப்படுத்தும் கம்பெனிகளின் வளாகத்துக்குள் நுழையும்போது கேமராவை நிறுத்திவிடுவதாகவும், எந்தக் காட்சியையும் இணையத்தில் ஏற்றுவதில்லை என்றும் கடிதத்திலேயே உறுதி கூறுங்கள். உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளமும் மண்டபத்தில் கடலோரக் காவல் படையும் இருக்கும் வழியில் ஓட்டுகிறவருக்கு அந்தக் கடைசி உறுதி மிகவும் அவசியம்.

வண்டி_எலக்ட்ரீசியன்:

அனுமதி கிடைத்தாலும் வொயரை வெட்டி இணைக்காதீர்கள். உங்கள் லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுத்திருப்பார்கள். காருக்கென்று விற்கும் கேமராவுக்காக ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் இழுக்கிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் ஒன்று அதிகமாக வடிய, மற்றொன்று அதிகமாகச் சார்ஜ் ஏறி, நாளடைவில் இரண்டுமே கெடும். 12–24 வோல்ட் என்று அச்சிட்ட அடாப்டரை லைட்டர் சாக்கெட்டில் செருகுவதே போதும். கழற்றினால் தடமும் இருக்காது.

பகலில் வெயிலில் நிற்கும் கேபினுக்குள் கேமராவின் லித்தியம் பேட்டரி உப்பிவிடக்கூடும் என்பதால், அதற்குப் பதில் வெப்பம் தாங்கும் சூப்பர் கெபாசிட்டர் (மின்தேக்கி) உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். உப்புக் காற்றில் சாக்கெட்டின் தொடுமுனைகள் பச்சை பூத்துப் போகும். அவ்வப்போது துடைக்காவிட்டால் கேமரா இடையிடையே அணைந்து எரியும், தேவைப்படும் நிமிடம் மட்டும் பதிவாகியிருக்காது.

நீதிமன்ற_வாசல் (வழக்கறிஞர்):

விபத்தில் இழப்பீட்டுத் தொகையைப் பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனம் தீர்ப்பாயத்தின் வழியாகச் செலுத்திவிடும். ஆனால் குற்ற வழக்கு ஓட்டுநர் மீதுதான். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்குக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவில் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. முதலாளியின் கவலையும் உங்கள் கவலையும் ஒன்றல்ல என்பதால், உங்களுக்கென்று தனிப் பதிவு வேண்டும் என்று நினைப்பது நியாயமே.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்யும்போது சான்றிதழும் கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாளக் குறியீடு) கேட்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வீடியோ சுருக்கப்பட்டு, வேறு ஹாஷ் கொண்ட வேறு கோப்பாகிவிடும். ஆகவே நண்பர்களுக்கு அனுப்பிக் கொண்டிருக்காமல் கேமராவின் மூல மெமரி கார்டையே பத்திரப்படுத்துங்கள். அடிபட்டவருக்கு உதவி செய்து, காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுத்த பின், பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறுவதற்குள் கார்டைக் கழற்றிவிட வேண்டும். கேமராவின் தேதியும் நேரமும் சரியாக இருக்கின்றனவா என்று வாரம் ஒருமுறை பார்ப்பதும் நல்லது.

இன்னொன்று. தவறு உங்களுடையதாக இருந்தால் அதே கார்டு உங்களுக்கு எதிராகவே பேசும். சாட்சியமாகக் கேட்கப்படாமல் தடுக்கும் நோக்கில் அதை அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 241ஆம் பிரிவில் தனிக் குற்றம். கார்டு உங்களுக்கு எதிராகப் பேசக்கூடும் என்பதற்கும் மனம் ஒப்பினால் மாட்டுங்கள்.

மண்டபம்_ஓட்டுநர்:

மூவருக்கும் நன்றி. எனக்கு எதிராகப் பேசினாலும் பேசட்டும் என்ற முடிவுக்கு வந்து, நேற்றுக் கடிதம் கொடுத்தேன். மேலாளர் மறுக்கவில்லை, ஆனால் விபத்து நடந்தால் கார்டை முதலில் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்கிறார். இதற்கு நான் கையெழுத்துப் போடலாமா?

நீதிமன்ற_வாசல் (வழக்கறிஞர்):

அப்படியே போடாதீர்கள். மூலக் கார்டு காவல் துறையிடமோ நீதிமன்றத்திலோ மட்டுமே ஒப்படைக்கப்படும், அலுவலகத்துக்கு நகல் தரப்படும் என்று அந்த வரியை மாற்றி எழுதச் சொல்லுங்கள்.

மண்டபம்_ஓட்டுநர்:

அவ்வாறே எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஐயா. அவர் கையெழுத்திடும் வரை கேமரா பெட்டியிலேயே இருக்கும்.