மார்ச் வயலட்ஸ்: ஒன்றென்று நினைத்த இரண்டு குரல்கள்

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் முதுகலை படித்த ஆண்டில், பழைய இசைத்தட்டுகள் விற்கும் கடையொன்றில் மார்ச் வயலட்ஸ் என்ற ராக் குழுவின் இரண்டு தட்டுகளை வாங்கினேன்: 1982-இல் வந்த ‘க்ரூவிங் இன் க்ரீன்’, 1984-இல் வந்த ‘ஸ்நேக் டான்ஸ்’. அந்நகரின் சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி குழுவை, காத் ராக் எனப்படும் இருண்ட தொனி கொண்ட ராக் இசையைக் கேட்பவர்கள் எல்லோரும் அறிவார்கள். அக்குழுவின் ஆண்ட்ரூ எல்ட்ரிச் நடத்திய நிறுவனமே வயலட்ஸின் முதல் தட்டுகளை வெளியிட்டது என்றாலும், 1981-இல் அதே ஊரில் தொடங்கிய இவர்களைப் பற்றி என்னோடு தங்கியிருந்த உள்ளூர் மாணவர்களுக்கே தெரிந்திருக்கவில்லை.

ஊசி இறங்கியதும் என்னைப் பிடித்துக்கொண்டது டிரம் மெஷின்தான். அந்தத் தட்டுகளின் காலத்தில் இக்குழுவில் டிரம்ஸ் வாசிக்க ஆள் இல்லை. சவப்பெட்டிக்கு ஆணி அறைவதைப் போல, ஒரே கனத்தில், ஒரே இடைவெளியில் அந்த இயந்திரம் அடித்துக்கொண்டே போகும். (ஒத்திகைக்குத் தாமதமாக வராத ஒரே உறுப்பினர் அதுவாகத்தான் இருந்திருக்கும்.) அதன்மேல் டாம் ஆஷ்டனின் கித்தாரும் லாஸ் எலியட்டின் பேஸும் சுழல, சைமன் டென்பியின் கரகரத்த குரலுக்கு ஒரு பெண்குரல், லாவணியில் எதிர்க்கட்சி கட்டுவதைப் போல, குறுக்கே பாய்ந்து வரும்.

அந்தப் பெண்குரல் ஒருவருடையது என்றே பல வாரங்கள் நம்பியிருந்தேன். முதல் தட்டில் இருந்தவர் ரோஸி கார்லண்ட் என்பதும், அவர் விலகியபின் ‘ஸ்நேக் டான்ஸ்’ பாடியவர் கிளியோ மர்ரி என்பதும் தெரியவந்த இரவில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டேன். ரோஸியிடம் நாடக மேடையின் உரத்த உச்சரிப்பு இருக்கிறது, கிளியோவோ மெட்டைத் தழுவிக்கொண்டு வழுக்கிப் போகிறார். இவ்வளவு வெளிப்படையான வேறுபாட்டைக் கவனிக்காமல் விட்டதற்கு என் காதுகளைத்தான் நொந்துகொள்ள வேண்டும்.

பின்னர் டென்பியும் வெளியேறி பேட்ஃபிஷ் பாய்ஸ் குழுவைத் தொடங்கினார். கிளியோவை முன்னிறுத்தி எஞ்சியவர்கள் பாப் இசையை நெருங்கினர். 1987-இல் ‘சம் கைண்ட் ஆஃப் ஒண்டர்ஃபுல்’ என்ற ஹாலிவுட் படத்தில் மேடையில் பாடும் குழுவாகத் தோன்றினர். பாடல் கேட்க இனிமைதான், ஆனால் இரு குரல்களும் மோதிக்கொள்ளும் அந்தச் சண்டை அதில் இல்லை. அத்தோடு குழு கலைந்தது. அதுவரை தனிப்பாடல் தட்டுகளும் தொகுப்புகளும் வந்தனவேயன்றி, முழு ஸ்டுடியோ ஆல்பம் ஒன்றுகூட வரவில்லை.

ரோஸியும் டென்பியும் ஆஷ்டனும் 2007-இல் லீட்ஸில் மீண்டும் ஒரே மேடையில் நின்றார்கள். இடையில் ரோஸி தொண்டைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றார். ஒரு பாடகிக்கு அது எத்தகைய அச்சமாக இருந்திருக்கும் என்பதை என்னால் ஊகிக்கத்தான் முடிகிறது. முதல் முழு ஆல்பமான ‘மேட் க்ளோரியஸ்’, குழு தொடங்கி 32 ஆண்டுகள் கழித்து, 2013-இல் வந்தது. ரோஸியின் முதல் நாவலும் அதே ஆண்டில் வெளியானது. அந்த ஆல்பத்தைக் கேட்கத் தொடங்கியதும், பாடுவது யார் என்பதை இம்முறை உறையைப் பார்க்காமலே சொல்லிவிட்டேன்.